சத்து மாத்திரை

மே 18

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். சீர் செனத்தி எல்லாம் பேசி முடித்து, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா ஒன்று சொன்னார்.

"கல்யாணத்துக்குள்ள பிள்ளைக்கு முகத்த மட்டும் கொஞ்சம் சரி பண்ணிருங்க."

வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொல்வதுபோல. அம்மா அதற்கும் தலையை ஆட்டினாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காது கேட்காத மாதிரி வடையை எண்ணெயில் போட்டேன்.

பத்தாம் வகுப்பிலிருந்து இந்த முகம்தான். சாதாரணப் பரு என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்குக் கட்டி கட்டியாக வரும், உள்ளுக்குள் வலிக்கும், உடைந்தால் தலையணை உறையில் கறை. கடலை மாவு, வேப்பிலை, பற்பசை என்று எதையும் விட்டு வைக்கவில்லை. கல்லூரியில் ஒருத்தரும் என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை, கன்னத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை அருணாசலம் மட்டும் இன்று கண்ணைப் பார்த்தார். வெட்கத்தில் நான்தான் குனிந்துவிட்டேன்.

மே 21

திருநெல்வேலிக்குப் போனோம். தோல் டாக்டர் பெயர் ஷீபா. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னை இதுவரை யாரும் அருவருப்பில்லாமல் அங்கே தொட்டதில்லை. அழுகை வந்துவிட்டது, அசடு மாதிரி.

மாத்திரையும் லேசரும் சேர்த்துச் செய்யலாம் என்றார். முன்பெல்லாம் இந்த மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் லேசர் பக்கம் போவார்களாம். இப்போது மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துக்கொண்டே, சிவப்புக்கும் தடிப்புக்கும் லேசான சூட்டில் லேசர் அடிக்கிறார்களாம். தோலை உரித்து எடுக்கிற பெரிய லேசர் மட்டும் இப்போது வேண்டாம், பள்ளங்களைப் பிறகு பார்க்கலாம் என்றார். உதடு காயும், வெயிலில் நிற்காதே, ரத்தம் அவ்வப்போது பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் சரி சரி என்றேன்.

அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "இத சாப்பிடும்போது கர்ப்பம் ஆகவே கூடாது. நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுத்தான் அத யோசிக்கணும். வயித்துப் பிள்ளைக்கு மூளை, இதயம், காது எல்லாம் கெட்டுப்போகும். வேற யாருக்கும் ஒண்ணு கூட எடுத்துக் குடுக்கப்பிடாது."

அம்மா, இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்றாள். ஆகப்போகிறது அல்லவா என்றார் டாக்டர்.

மே 22

அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் வயிறு தள்ளிய பெண் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. அம்மா அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். மாமியார் வீட்டில் யாராவது பார்த்தால் பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு என்று ஊரெல்லாம் பேசுவார்களாம். பழைய சத்து மாத்திரை பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, எல்லாவற்றையும் பிதுக்கி அதில் போட்டாள். அட்டைகளை அடுப்பில் போட்டுக் கொளுத்தியாயிற்று.

லேசரைச் சொல்லலாமாம். அது பியூட்டி பார்லர் மாதிரி, கௌரவம். மாத்திரை தின்றால் சீக்காளி. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நானும் அதில் பிறந்தவள்தானே, பாட்டிலில் மூடி போட்டு மூடியது நான்தான்.

ஜூன் 9

முகம் முன்பைவிட மோசம். ஆரம்பத்தில் அப்படித்தான் கிளம்பும் என்று டாக்டர் போனில் சொன்னார். உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம். நல்ல வேளை, சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

ஜூன் 20

முதல் லேசர். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் படுக்க வைத்தார்கள். தாளிக்கிற கடுகு முகத்தில் தெறிப்பது மாதிரி இருந்தது, பட் பட்டென்று. முடிந்ததும் ஐஸ் வைத்தார்கள். அம்மா வெளியே உட்கார்ந்து கந்த சஷ்டிக் கவசம் படித்துக்கொண்டிருந்தாளாம்.

ஆகஸ்ட் 2

இன்று காலை கண்ணாடி முன்னால் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பள்ளங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டி இல்லை. கன்னத்தைத் தொட்டால் கன்னம் மாதிரி இருக்கிறது. எத்தனை வருஷம் இதற்காகச் செத்தேன். சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர் 2

கல்யாணம் முடிந்து அம்பாசமுத்திரம் வந்தாயிற்று. அவர் மின்வாரிய ஆபீஸுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன். பி.எட். முடிகிறவரை குழந்தை வேண்டாம் என்று சொன்னேன். அதற்கென்ன, உன் இஷ்டம், நானும் பார்த்து நடந்துகொள்கிறேன் என்றார். காரணம் பி.எட். இல்லை என்பதைச் சொல்லவில்லை. தை வரைக்கும் மாத்திரை இருக்கிறது. அதற்குப் பிறகு சொல்வதற்கே ஒன்றும் இருக்காது.

செப்டம்பர் 10

அத்தை அலமாரியில் பாட்டிலைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சத்து மாத்திரை என்றேன். நாக்கு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

செப்டம்பர் 23

நாத்தனார் ஆவுடை வந்தாள். அவருக்குத் தங்கை, எனக்கு ஒரு வயது மூத்தவள், இதே ஊரில் மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புருஷன் பரமசிவன் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அதற்கு மாமியார் வீட்டில் என்னென்ன கேட்கிறாளோ, இங்கே வந்தால் ஒன்றும் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே இருப்பாள்.

ஆனால் முகம். என் பழைய முகம் அப்படியே அவளிடம். தாடையில் கட்டி, நெற்றியில் கட்டி. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தாள், பிறகு பெண் பார்க்க வந்தபோது எடுத்த படத்தைப் பார்த்தாள். மதினி, இது என்ன மாயம் என்றாள். லேசர் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. பிள்ளை பெறாதவளுக்கு முகத்துக்குச் செலவழிக்க அந்த வீட்டில் யார் விடுவார்கள்.

அக்டோபர் 9

ஆவுடை மறுபடி வந்தாள். லேசர்தான் முடியாது, அந்தச் சத்து மாத்திரையையாவது தாருங்கள் என்றாள். அத்தை சொல்லியிருக்கிறார்.

அது என் ரத்தத்துக்கு எழுதியது, உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று என்னென்னவோ சொன்னேன். அத்தை அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்து மாத்திரை யாருக்கு ஒத்துக்காமப் போகும் என்றார். இருக்கிறதைப் பங்கு போட மனசில்லாதவள் என்று நினைத்திருப்பார். எனக்கு முகம் சுட்டது.

தனியாகக் கூப்பிட்டு நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டேன். ஆவுடை சிரித்தாள். "எனக்கா? நீங்க ஒண்ணு, மதினி." அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்ன செய்ய. ஒரு கைப்பிடி எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளைக்குத்தான். நாலு வருஷமாக இல்லாதது இந்த ஒரு மாதத்திலா வந்துவிடப்போகிறது.

அக்டோபர் 27

இரண்டாம் தடவை வந்து வாங்கிப்போனாள். உதடு காய்ந்திருக்கிறது. வெண்ணெய் தடவச் சொன்னேன்.

ஷீபா டாக்டரிடம் லேசருக்குப் போனபோது பாட்டில் பஸ்ஸில் விழுந்துவிட்டது என்று சொல்லி மறுபடி எழுதி வாங்கினேன். கர்ப்பம் இல்லையே என்று கேட்டுச் சோதனையும் செய்தார். என்னைத்தான் சோதித்தார்.

நவம்பர் 8

தீபாவளி. ஆவுடைக்கு முகம் தெளிந்திருக்கிறது. ஒரு களை வேறு. எல்லாரும் அதையே சொன்னார்கள். அவள் அதிரசத்தைத் தொடவில்லை, எண்ணெய் வாடையே ஆகவில்லை என்று முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய மாமியாரே அவளுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மா இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. நல்ல நாள் இல்லையா, அதனால் இருக்கும்.

நவம்பர் 19

அத்தை விடிந்ததிலிருந்து புளியோதரை கிளறினார், நார்த்தங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் போட்டார், எல்லாம் மேலத்தெருவுக்கு. ஆவுடை பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் கொடுத்து விடுங்கள் என்று போன் செய்திருந்தாள்.

பாட்டிலைத் திறந்தேன். அத்தை பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கூடவே குடு, கோமதி. இப்பம் அவளுக்குச் சத்து வேணும்."

இப்பம் என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம் முடியாமல் இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று பயம். ஆகவே கேட்கவில்லை. கூடவே கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 20

அப்படி இருக்காது.

டிசம்பர் 4

மேலத்தெருவுக்குப் போனேன். மாத்திரை பழசாகிவிட்டது, திருப்பிக் கொடு என்றேன். எல்லாவற்றையும் விழுங்கியாயிற்று மதினி என்றாள். சேலையை வயிற்றுக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டாள். ஜன்னலில் பாதி கடித்த மாங்காய்த் துண்டு. மார்கழிகூடப் பிறக்காத கார்த்திகையில் மாங்காய்க்கு எங்கே அலைந்தார்களோ.

இனி தர மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 14

அத்தை என் வாயில் சர்க்கரையைப் போட்டார். ஆவுடைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. அவர் ஆபீஸிலிருந்து அல்வாவோடு ஓடி வந்தார். தங்கையை நினைத்து அழுதார், அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி. எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சர்க்கரையை விழுங்கவில்லை. பின்கட்டில் போய்த் துப்பினேன்.

டிசம்பர் 15

லேசர் என்று பொய் சொல்லிவிட்டு ஷீபா டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் சரி செய்து கொடுத்த முகம்.

எல்லாக் குழந்தைக்கும் கெடுதல் வரும் என்று இல்லையாம். வருகிற வாய்ப்பு சின்னதும் இல்லையாம். ஸ்கேனில் சிலது தெரியும், சிலது பிறந்த பிறகுதான் தெரியும். "அவளுக்குத் தெரிஞ்சாகணும் கோமதி. என்ன முடிவெடுக்கணும்னாலும் அது அவ எடுக்க வேண்டியது. ஒவ்வொரு நாளா நீ அத அவ கிட்டருந்து எடுத்துக்கிட்டே இருக்க."

டிசம்பர் 17

அம்மாவுக்குப் போன் செய்தேன். வாயைத் திறக்காதே என்றாள். பிறக்கிறது நல்லபடியாகவும் பிறக்கலாம், சொன்னால் உன் வாழ்க்கை இன்றைக்கே போயிற்று, பிறகு உன் தங்கையை எவன் கட்டுவான் என்று கேட்டாள். ஷீபா டாக்டரைத் திட்டினாள். என் மாமியாரைத் திட்டினாள். பாட்டிலைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டிசம்பர் 18

துணி துவைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். பி.எட். பாடம் ஒரு வரி ஏறவில்லை.

டிசம்பர் 19

சொல்லிவிட்டேன்.

பரமசிவன் அண்ணன் கடைக்குப் போன பிறகு போனேன். ஆவுடை தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கூடவே நறுக்கினேன். பாதி முடிந்ததும் சொன்னேன். மாத்திரை எதற்கு, டாக்டர் என்ன சொன்னார், அம்மா ஏன் பாட்டிலை மாற்றினாள், எல்லாம். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டாள்.

"அது சத்து மாத்திரைதான, மதினி?"

இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் இல்லை என்றேன். அரிவாள்மணையை மெதுவாகச் சுவர் ஓரம் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். நான் தொடப் போனேன். தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 21

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை தலையில் தலையில் அடித்துக்கொண்டார், என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேனே என்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டக்கூட என் பக்கம் திரும்பவில்லை. வெளியே தெரிய வேண்டாம், மேலத்தெரு மாமியாரிடம் மூச்சு விடக்கூடாது என்று மட்டும் எல்லாருக்கும் சொன்னார்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், என்னிடம் சொன்னால் நான் என்ன, உன்னை வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன் என்று. பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டேன். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் ஷீபா டாக்டரிடமே கொடுத்தேன்.

டிசம்பர் 28

ஆவுடைக்கு ஸ்கேன். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, ஐந்தாம் மாதம் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றார்கள். வேண்டாமென்றால் இப்போதே கலைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். ஆவுடை சொல்லி விஷயம் தெரிந்திருந்த பரமசிவன் அண்ணன் சரி என்றார். அத்தை அழுதுகொண்டே சரி என்றார். ஆவுடை முடியாது என்றாள்.

ஜனவரி 15

பொங்கல். பொங்கவில்லை என்று சொல்ல முடியாது, பானையில் பொங்கியது. அவர் மாடியிலிருந்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறிவிட்டார்.

ஜனவரி 30

ஸ்கேன். குழந்தையின் இதயத்தில் பெரிய குறை. பிறந்த உடனே ஆபரேஷன் வேண்டும், அதற்கும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வலது காது உருவாகவில்லை.

இப்போதும் கலைக்கலாம் என்றார்கள். ஆவுடை எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

பிப்ரவரி 4

ஆவுடை ஆள் அனுப்பியிருந்தாள். என்ன கேட்பாளோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஒரு பரு இல்லை, ஒரு தழும்பு இல்லை. நான் அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து அங்கேயேதான் பார்த்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குழந்தை அசைகிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். அசைந்தது. நல்ல பலமாகத்தான் அசைந்தது.

அப்புறம் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். அன்னைக்கு அம்மைட்ட குடுத்து விட்டியள்லா, அப்பம் ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள், ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. எனக்குத் தெரியும் மதினி, தெரிந்தால் நீங்கள் கொடுத்திருக்கவே மாட்டீர்கள், நான்தான் கண்டதையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன் என்றாள். நாள் தள்ளியதும் நானே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், மூன்று மாதம் மூன்று மாதம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், தப்பு என் பேரிலும் இருக்கிறது என்றாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

பெற்றுக்கொள்ளப் போகிறாளாம். எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாள் என் பிள்ளை என்றாள். பரமசிவன் அண்ணனும் கடைசியில் சரி என்றுவிட்டாராம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறார்கள்.

கிளம்ப எழுந்தேன். கையை விடவில்லை.

"சேனை நீங்கதான் தொட்டு வைக்கணும். அம்மையா இருந்தா மூடி மறைச்சிருப்பா. எங்க மாமியாரும் அப்பிடித்தான். நீங்க ஒருத்திதான் வீடு தேடி வந்து உள்ளதச் சொன்னிய. அந்தக் கொணம் எம் பிள்ளைக்கு வரட்டும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் அதற்கு வரும் என்று இங்கே நம்புகிறார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இந்த வீட்டில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டு ஒன்றரை மாதம் ஆகிறது.

இல்லை ஆவுடை, வேறு யாரையாவது கூப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாள். அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

சரி என்றேன்.